புகை இல்லீங்க

— நான் ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள போன் பண்ணிட்டீங்களா?

— இன்னைக்கே சொல்லியாகணும், ஹேமா. பெங்களூர்ல புரபசர் விடிஞ்சதுல இருந்து காத்துக்கிட்டிருந்தார். வானத்தைப் பாக்கற எல்லாரோட கணக்கையும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பறது அவர்தானே.

— அனுப்பட்டும். நான் பாத்ததையும் சேத்துத்தான சொன்னீங்க?

— சொன்னேன்.

— ஏனுங்க, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.

— முக்கால்வாசி சொன்னேன்.

— மிச்சம் கால்வாசி?

— விடு ஹேமா. வெளிச்சம் இறங்கினதை எல்லாம் சொல்லிட்டேன். நடுவுல ஏறுச்சுங்கறியே, அதை மட்டும் கணக்குல எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— ஏன் வேண்டாம்னு கேட்டிருப்பாரே.

— புகைன்னு சொன்னேன்.

— என்ன புகை?

— பொன்னாயி காட்டுல முள்ளுச்செடி எரிச்சாங்க, புகை நாம நின்னு பாக்கற பாறைக்கு மேல வந்துச்சு, ஹேமாவுக்குக் கண்ணு எரிஞ்சு தண்ணி கட்டிக்கிச்சு, அந்த நேரத்துல பாத்ததை நம்ப வேண்டாம்னு சொன்னேன். அதிலென்ன இருக்கு? யாருக்கு என்ன நட்டம்?

— நேத்துப் பொழுதோட எங்கீங்க புகை இருந்துச்சு? காத்துகூட இல்லை. மிளகுக்கொடியில ஒரு எலை ஆடலை.

— அது எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சேதான் சொன்னீங்களா?

— உனக்காகத்தான் சொன்னேன்.

— எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் எப்பக் கேட்டேன்?

— கேக்க மாட்டே. அதனாலதான் நீ வர்றதுக்குள்ள சொன்னேன். கோவப்படாம கேளு. இருக்கறது ஒரு தொலைநோக்கி. நீயும் நானும் மாத்தி மாத்திப் பாத்தோம். ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்கலை. காலையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, என்னுது ஒரே சீரா இறங்கிப் போகுது. உன்னுது இறங்குது, திடீர்னு ஏறுது, மறுபடி இறங்குது. கேக்கறவங்க எதை நம்புவாங்க?

— ரெண்டையும் சொல்லியிருக்கணும். நம்பறதும் நம்பாததும் அவங்க பாடு.

— பின்னொளின்னா மங்கிக்கிட்டே போகணும், ஹேமா. அதுக்குப் பேரே பின்னொளி. எல்லாம் முடிஞ்சப்புறம் மிஞ்சற வெளிச்சம். அது எப்படி மறுபடி ஏறும்?

— எப்படி ஏறும்னு எனக்குத் தெரியாதுங்க. ஏறுச்சுன்னு மட்டும் தெரியும். இந்தப் பின்னொளியை மனுசன் கண்டுபிடிச்சே ஆறு வருசம்தான் ஆச்சு. அதுக்குள்ள இது இப்படித்தான் நடக்கணும்னு அதுக்குச் சட்டம் போட நாம யாரு?

— நாம யாருங்கறதைத்தான் நானும் சொல்றேன். செம்மேட்டுல ஒரு ஸ்கூல் டீச்சர். மோட்டாருக்குக் காயில் சுத்தற ஒரு கடைக்காரன். நம்ம பேச்சு எடுபடணும்னா அது ஒழுங்கா இருக்கணும்.

— ஒழுங்கா இருக்கணும். சரி. அதுல ஒழுங்கு எது, நெசமா இருக்கறதா, சீரா இருக்கறதா?

— நீ கிளாஸ்ல கேக்கற மாதிரி கேக்காத.

— நேத்து நம்மளாட்டம் வானம் பாக்கற முரளி கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணினப்ப நீங்க எப்படித் துள்ளினீங்கன்னு எனக்குத் தெரியும். 'செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைப் பாத்திருக்கு, சிம்மத்துல, இன்ன எடம், ஓடுங்க'ன்னான். வடக்கே எல்லாம் மேகம், பெங்களூர்லயும் மேகம், நம்ம மலை மட்டும்தான் தொடைச்சு விட்ட மாதிரி இருக்குன்னதும், கலந்த காப்பியைக்கூடக் குடிக்காம ஓடினோம். நட்சத்திரப் படத்துல இல்லாத ஒரு நட்சத்திரம் அந்த எடத்துல நின்னுச்சு. ஆறு வருசமா இந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான காத்திருந்தோம்?

— ஆமா.

— அப்படிப் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?

— அந்த வால்நட்சத்திரத்தை மறந்துட்டியா?

— அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?

— நான் இழுக்க வேண்டாம். ஊரே இழுக்கும். புது வால்நட்சத்திரம்னு நீ சொன்னே, பேப்பர்ல உன் போட்டோ வந்துச்சு. கடைசியில அது வியாழனோட பிம்பம், கண்ணாடிக்குள்ள பட்டுத் திரும்பின வெளிச்சம். 'வாலு டீச்சர்'னு பசங்க போர்டுல எழுதி வச்சாங்க. நீ ரெண்டு நாள் சாப்பிடலை. அந்த மாதிரி இன்னொரு தடவை உன்னை நான் பாக்க வேண்டாமா?

— அன்னைக்கு என் தப்பு. தப்புன்னு நானே எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்டு வாங்கலை. அதுக்காக இனிமே நான் பாக்கறதெல்லாம் தப்புன்னு ஆகிடுமா?

— நான் அப்படிச் சொல்லலை.

— பெங்களூருக்கு அப்படித்தான சொல்லியிருக்கீங்க! கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு, அவ பாத்ததை நம்பாதீங்கன்னு.

— டீச்சரம்மா! டீச்சரம்மா, ஊட்டுல இருக்கீங்களா?

— பொன்னாயி சத்தம் மாதிரி இருக்கு. வா பொன்னாயி, உள்ள வா. சந்தைக்கு வந்தியா?

— சந்தையில மரவள்ளிக்கெழங்கை அப்பிடியே போட்டுட்டு வாரேனுங்க. சாரு இருக்காருங்களா? அவரைத்தான் பாக்கோணும். ஏனுங் சாரு, நானு நேத்துத் தீ வச்சேன்னு நீங்க டீக்கடையில சொன்னீங்களாமா?

— டீக்கடையிலயா? அங்க போய் எதுக்குங்க சொன்னீங்க?

— அன்னைக்கு உன் போட்டோ போட்ட பேப்பர்காரர் பிடிச்சுக்கிட்டார், ஹேமா. 'டீச்சர் நேத்து ஏதோ புதுசாப் பாத்தாங்களாமே'ன்னார். பாத்தோம், ஆனா நடுவுல புகை வந்து கெடுத்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்.

— என்ற பேரையுஞ் சேத்துச் சொன்னீங்களாமா.

— யார் காட்டுலன்னு கேட்டார். நம்ம பாறை உன் காட்டுலதான இருக்கு.

— அட சாமி! நேத்து நீங்க போன பொறவு கீழ்ச்சரிவுல பாரஸ்ட்டு எரிஞ்சுது, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? எவன் வச்சான், எங்கிருந்து பரவுச்சுன்னு ரெண்டு பாரஸ்ட்டு கார்டுங்க சந்தையில ஒவ்வொருத்தரா வெசாரிச்சுக்கிட்டிருக்காங்க. டீக்கடையில இருந்த ஒருத்தன், 'பொன்னாயி காட்டுல எரிச்சாங்களாமா, டீச்சர் ஊட்டுக்கார சாரே சொன்னாரு'ன்னுட்டான். அவங்க நேரா என்ற கெழங்குக் கூடைக்கு முன்னால வந்து நிக்கறாங்க.

— ஐயோ. பொன்னாயி, சத்தியமா நான் அந்த மாதிரி நெனைச்சுச் சொல்லலை.

— நீங்க எந்த மாதிரி நெனைச்சீங்கன்னு அவங்க கேக்கலீங்களே. நீ வச்சியா வைக்கலையான்னு என்னையத்தான கேக்கறாங்க.

— நீ என்ன சொன்னே, பொன்னாயி?

— வைக்கலைன்னேன். 'படிச்சவரு பொய் சொல்லுவாரா'ன்னு கேட்டாங்க. படிச்சவரைக் கூட்டிக்கிட்டு வாரேன், அவரையே கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். டீச்சரம்மா, நானு தீயே வைக்காதவ இல்லீங்க. வருசா வருசம் முள்ளை எரிச்சுட்டுத்தான் சாமை வெதைக்கறோம். வச்சா வச்சேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், எனக்கென்ன பயம்? ஆனா வைக்காத தீயை என்ற தலையில ஆரு வைக்கறதுக்கும் விட மாட்டேன்.

— விடாத. நானும் விட மாட்டேன்.

— அதுவும் நேத்து! நீங்க ரெண்டு பேரும் வண்டியில ஓடியாந்ததைப் பாத்ததுமே, அந்த நட்சத்திரம் வந்துருச்சாட்ட இருக்குதுன்னு அடுப்பைக்கூட அமத்திப்போட்டேன். வெளக்கு இல்லை. புள்ளைங்களுக்குப் பழைய சோத்தை இருட்டுலயே கரைச்சு ஊத்தினேன். அப்பேர்ப்பட்ட நாள்ல என்ற காட்டுல புகைங்கறீங்களே சாரு, வாய் கூசலீங்களா?

— கூசுது, பொன்னாயி.

— கூசினாப் போதாதுங்க. எந்திரிங்க. அவங்க பஸ் ஏறிப் போறதுக்குள்ள வந்து சொல்லுங்க.

— போங்க. சட்டையை மாத்தப் போறேன், தலை சீவப் போறேன்னு நிக்காதீங்க. டீக்கடையில சொன்ன மாதிரி சந்தையிலயும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.

— வாரேன். வா பொன்னாயி.

— நானு முன்னால போறேன். பின்னாலயே வரோணும், ஆமா.

 

— சொல்லிட்டீங்களா?

— சொல்லிட்டேன்.

— நல்லாத்தான் சொன்னாருங்க, டீச்சரம்மா. கோழிக்காரன், துணிக்காரன், அத்தனை பேரும் கேட்டாங்க. 'பொன்னாயி தீ வைக்கலை, புகை இல்லை, நான் சொன்னது பொய்'னு மூணையும் சொன்னாரு. அந்தப் பெரிய கார்டு இவரையே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறவு, 'எதுக்கு சார் பொய் சொன்னீங்க'ன்னாரு. அதுக்கு மட்டும் இவரு வாயத் தொறக்கலை.

— உன் பேரை எடுத்துட்டாங்களா?

— எடுத்துட்டாங்க. தீ மேக்கால இருந்து வந்துச்சுன்னு அவங்களே கண்டுபிடிச்சிருக்காங்களாமா. கெழங்குல ஒரு கூறு கேட்டாங்க. காசு குடுத்து வாங்கிக்கோங்கன்னேன்.

— சித்த உக்காரு, மோர் தாரேன். ஏனுங்க, நீங்க உக்கார வேண்டாம். போனை எடுங்க.

— யாருக்கு?

— பெங்களூருக்கு.

— ஹேமா, தீ விஷயம் முடிஞ்சுது. பொன்னாயிக்கு ஆபத்து இல்லை. அத்தோட விடு.

— சந்தையில நின்னு புகை இல்லைன்னு சொன்னீங்க. பெங்களூர்ல மட்டும் புகை இருக்கட்டுமா?

— அங்க அதனால யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டாங்க.

— நான் பாத்தது போகுதே!

— எத்தனையோ பேர் எத்தனையோ பாக்கறாங்க. ஒரு அரை மணி நேரக் கணக்கு. அது இல்லாட்டி உலகம் நின்னுடுமா?

— டீச்சரம்மா, நடுவுல பேசறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். அப்பிடி என்னத்தைத்தான் பாத்தீங்க? எனக்கும் அந்தக் கொழாயில காட்டினீங்க. எல்லாம் உப்பைத் தூவின மாதிரிதான் இருந்துச்சு.

— அதுல ஒரு உப்புக்கல்லுதான் அது, பொன்னாயி. நெனைக்க முடியாத தூரத்துல பெரிய நட்சத்திரம் ஒண்ணு செத்துப்போச்சு. சாகறப்ப ஒரு கதிர் அடிச்சுது. காமாக்கதிர்னு பேரு. அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, மேல சுத்தற செயற்கைக்கோளுக்குத்தான் தெரியும். அது ஒரு நிமிசத்துல முடிஞ்சு போயிரும். அப்புறம் அந்த எடத்துல ஒரு வெளிச்சம் கொஞ்ச நேரம் மிச்சம் நிக்கும். இன்னைக்குப் பாத்தா இருக்கும், நாளைக்கு இந்தத் தொலைநோக்கிக்கு எட்டாது. அதைத்தான் பாத்தோம்.

— எப்பச் செத்துச்சு?

— அந்த வெளிச்சம் அங்கிருந்து கெளம்பினப்ப இங்க மனுசனே கெடையாது.

— அம்புட்டு தூரம் வந்ததைப் பாக்க நேத்து நீங்க ரெண்டு பேருதான் இருந்தீங்களா?

— அந்த நேரத்துக்கு எனக்குத் தெரிஞ்சு நாங்க மட்டும்தான். அதுக்குப் பக்கத்துல ரெண்டு நட்சத்திரம் இருக்கு. ஒண்ணு கொஞ்சம் பெருசு, ஒண்ணு சின்னது. ரெண்டோட வெளிச்சமும் எவ்வளவுன்னு படத்துல போட்டிருக்கும். அதுங்களோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் எழுதறோம். மொதல்ல இது பெருசுக்குச் சமமா இருந்துச்சு. போகப் போகக் கொறைஞ்சு, சின்னதுக்கும் கீழ போயிருச்சு. சரி, அவ்வளவுதான்னு நெனைச்சேன். அடுத்த தடவை என் முறை வந்து குனிஞ்சா, சின்னதைத் தாண்டி மேல நிக்குது! கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தேன். எந்திரிச்சு ஒரு சுத்து நடந்துட்டு வந்து பாத்தேன். நின்னுச்சு. அப்புறம்தான் விழுந்துச்சு.

— அதைச் சாரும் பாத்தாருல்ல?

— பாத்தாரு. என்னை விட நல்லாப் பாக்கற கண்ணு இவரோடது. இவர் பெங்களூருக்குப் பயந்துக்கிட்டு எழுதினதை மாத்திட்டாரோன்னு எனக்குச் சந்தேகம்.

— நான் எதையும் மாத்தலை.

— மாத்தாம எப்படிங்க உங்களுது மட்டும் அவ்வளவு சீரா இருக்கும்? பாடப்புத்தகத்துல போட்ட கோடு மாதிரி?

— நான் எழுதினது அப்படியேதான் இருக்கு. ஏறினதை நான் பாக்கலை.

— நான் எடத்தை விட்டு எந்திரிச்சதும் நீங்கதான குனிஞ்சீங்க? எனக்கு அவ்வளவு பளிச்னு தெரிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியாமப் போகும்?

— டீச்சரம்மா, அவரையும் ரொம்பக் கொடையாதீங்க. பாவம், அவருக்கே நேத்து நொம்பச் சிரமம். பாறையில ஏத்தறதுக்குள்ள ரெண்டு வாட்டி சறுக்கிட்டாரு. கையை உட்டா உழுந்துருவாரு.

— என்ன கை?

— அவரு கையத்தான். நாந்தான புடிச்சு ஏத்தறேன், புடிச்சு எறக்கறேன்.

— பொன்னாயி, நீ மோரைக் குடி.

— இருங்க, அவ சொல்லட்டும். எப்ப இருந்து பொன்னாயி?

— போன மழைக்கு முன்னால இருந்துங்க. நீங்க வண்டியை நிறுத்துனதும் படத்தையும் பொட்டியையும் தூக்கிக்கிட்டு முன்னால போயிருவீங்க. இவரு கீழயே நிப்பாரு. 'கைய நீட்டு பொன்னாயி'ம்பாரு. வயசானா அப்பிடித்தான்னு நெனைச்சேன். இப்பப் பட்டப்பகல்ல சந்தையில கல்லு முள்ளு பாக்காம என்ன வெரசா நடந்து வாராரு! அப்பத்தான் எனக்குப் பட்டுது. எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. பகல்ல பருந்து மாதிரி பாப்பாரு, பொழுது சாஞ்சா செவுத்தைத் தடவுவாரு. மாலைக்கண்ணுன்னு சொன்னாங்க.

— ஏனுங்க.

— ஹேமா...

— ஒரு வருசமா பொழுது சாஞ்சாலே வண்டியை என்கிட்டக் கொடுக்கறீங்க. 'நீ நல்லா ஓட்டறே, நான் பின்னால உக்காந்து வானத்தைப் பாக்கறேன்'னீங்க. நானும் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

— நீ நல்லாத்தான் ஓட்டறே.

— சேலத்துக்கு ஸ்பேர் வாங்கப் போறேன்னு போனீங்களே, ரெண்டு தடவை. டாக்டர்கிட்டப் போனீங்களா?

— போனேன். பரம்பரையா வர்றதாம். மருந்து இல்லைன்னுட்டார். பகல்ல இப்போதைக்குக் குறை இல்லை. இருட்டுனா மட்டும் மங்கலா இருக்கற எதுவும் தெரியாது. நிலாவைத் தெரியும். பெரிய நட்சத்திரம் அஞ்சாறு தெரியும்.

— நேத்து?

— விடு ஹேமா.

— விட மாட்டேன். நேத்து அதைப் பாத்தீங்களா, இல்லீங்களா?

— இல்லை.

— ஏறினதையா?

— எதையுமே பாக்கலை. உன் முறை முடிஞ்சு என் முறை வரும். குனிவேன். வெறும் கருப்பு. எவ்வளவு நேரம் குனிஞ்சிருந்தா நியாயமா இருக்கும்னு மனசுக்குள்ள எண்ணிட்டு எந்திரிப்பேன்.

— அப்ப நீங்க எழுதினது?

— மொதல்ல, 'பெருசுக்குச் சமமா இருக்கு'ன்னு நீ கத்தினே. அதுல இருந்து ஆரம்பிச்சேன். பின்னொளி எந்த வேகத்துல இறங்கும்னு படிச்சிருக்கேன். அந்தக் கணக்குல எழுதிக்கிட்டே போனேன். பாக்காம எழுதினா சீராத்தான் இருக்கும்.

— எதுக்குங்க? என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனைச்சீங்க?

— பரவாயில்லைன்னு சொல்லியிருப்பே. 'நான் பாத்து உங்களுக்குச் சொல்றேன்'னு சொல்லியிருப்பே. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தத் தொலைநோக்கிக் கண்ணாடியை என் கையால தேய்ச்சேன், ஹேமா. மோட்டார் வேலையை முடிச்சுட்டு வந்து தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே அழிஞ்சு போச்சு. அதுல சனியோட வளையத்தைப் பாத்த அன்னைக்கு நீ என் முதுகுல அடிச்சு, 'தள்ளுங்க, என் முறை'ன்னே. அந்த 'என் முறை'யை விட்டுக் கொடுக்க முடியலை. ஒண்ணும் தெரியாட்டியும் குனியணும்னு இருந்துச்சு.

— அழுவாதீங்க சாரு.

— நான் அழலை, பொன்னாயி.

— அவரு அழட்டும். எனக்கும் வருது. ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அழுதுக்கறோம். இப்ப அதுக்கு நேரமில்லை. ஏனுங்க, போனை எடுங்க.

— இப்பவுமா?

— இப்பத்தான். புரபசர் கையில இப்ப இருக்கறது ரெண்டும் பொய். நீங்க பாக்காம எழுதின கணக்கு ஒண்ணு, நான் பாத்ததுல பாதியை அறுத்தது ஒண்ணு. நெசமான ஒண்ணு இங்க உக்காந்திருக்கு.

— கேளு, ஹேமா. நான் பாத்திருந்தா நாம ரெண்டு பேர். ரெண்டு பேர் சொன்னாக்கூட ஏறுச்சுங்கறதை நம்ப யோசிப்பாங்க. இப்ப நான் இல்லைன்னு ஆயிடுச்சு. ஒத்தைக் கண்ணு. அதுவும் வாலு டீச்சர் கண்ணு. நீ சொல்றது சரின்னு நான் நம்பறேன். ஆனா சிரிப்பாங்க. அதை உன்னால தாங்க முடியுமா?

— போன தடவை தாங்கினேன். அப்ப என் பக்கம் தப்பு இருந்துச்சு, அதனால கஷ்டமா இருந்துச்சு. இந்தத் தடவை தப்பு இல்லை. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிப்பாங்கன்னு பயந்து நான் பாத்ததை முழுங்கிட்டா, அடுத்த தடவை குனியறப்ப எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை இருக்காது.

— அப்பிடிச் சொல்லுங்க கண்ணு. இருவது பேரு நிக்கற சந்தையில என்ற பேச்சுக்கு நானு ஒருத்திதான் சாட்சி. சொன்னனா இல்லையா?

— என் கண்ணைப் பத்தி அவர்கிட்டச் சொல்லப் போறியா?

— அது உங்களுது. நான் எடுத்துச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க கணக்கை நீக்கச் சொல்லுவேன். ஏன்னு கேட்டா, அவரையே கேளுங்கன்னு சொல்லுவேன்.

— வேண்டாம். நம்பரை நான் போடறேன்.

— நெசமாவா?

— சந்தையில கார்டு 'எதுக்குப் பொய் சொன்னீங்க'ன்னு கேட்டப்ப வாயைத் தொறக்காம வந்துட்டேன். இன்னொரு தடவை அப்படி நிக்க வேண்டாம்... ஹலோ. சார், செம்மேட்டுல இருந்து அருள்பிரகாஷ் பேசறேன். காலையில நான் சொன்னதுல தப்பு இருக்குங்க. புகை இல்லீங்க. யாரும் தீ வைக்கலை... இல்ல சார், மறதி இல்லை. தெரிஞ்சே சொன்னேன். இன்னொண்ணு. நான் கொடுத்த கணக்கை முழுசா எடுத்துடுங்க. நான் எதையும் பாக்கலை. எனக்கு மாலைக்கண். ஒரு வருசமா இருட்டுல ஒண்ணும் தெரியறதில்லை... ஆமா சார். அதை நான் எழுதியிருக்கவே கூடாது. பாத்தது ஹேமா மட்டும்தான். இங்கதான் இருக்கா. கொடுக்கறேன்.

— பொன்னாயி என்ற பேரையும் நல்லா அழிக்கச் சொல்லுங்க சாரு.

— அழிச்சாச்சு, பொன்னாயி. இந்தா ஹேமா.

— வணக்கங்க சார். ஹேமலதா... ஆமாங்க, அவர் இப்பச் சொன்னதுதான் நெசம்... கண்ணு எரியலீங்க, தண்ணியும் கட்டலீங்க. மொதல்ல இறங்குச்சு. சின்ன நட்சத்திரத்துக்கும் கீழ போயிருச்சு. அப்புறம் ஏறி, அதைத் தாண்டி, அரை மணி நேரம் போல மேலயே நின்னுச்சு. அப்புறம்தான் விழுந்துச்சு... இல்லீங்க, எனக்குச் சாட்சி யாரும் இல்லீங்க. நான் ஒருத்திதான். வியாழனோட பிம்பத்தை வால்நட்சத்திரம்னு சொன்ன அதே ஹேமலதாதான். நீங்க யோசிக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். அன்னைக்குத் தப்பு, இன்னைக்கு இல்லை. நான் பாத்ததை எடுத்தா முழுசா எடுங்க சார். ஏறினதை மட்டும் அறுத்துட்டு என் பேரைப் போடறதா இருந்தா, என் பேரே வேண்டாங்க.

— என்ன சொல்றாருங்க?

— இரு, எதையோ தேடி எடுக்கறாராம். சார்? லைன்ல இருக்கீங்களா? ...யாருங்க? ...எப்பங்க?

— என்ன ஹேமா? சிரிக்கறாரா?

— இல்லீங்க. 'நேத்து அது நடுவுல ஏறின மாதிரி எனக்குத் தெரிஞ்சுது, வேற யாராச்சும் பாத்தீங்களா'ன்னு ஜப்பான்ல இருந்து ஒரு அம்மா காலையிலயே புரபசருக்கு ஈமெயில்ல எழுதிக் கேட்டிருக்காங்களாம். நம்ம புகையைக் கேட்டுட்டு, 'ஒருத்தரும் பாக்கலை'ன்னு மத்தியானமே பதில் போட்டுட்டாராம்.